மாமையும் பசப்பும்: தமிழர் மேனி பேணலில் நிறம் பற்றிய கருத்தின் வரலாறு

தோற்றுவாய்

ஒரு சமுதாயம் தன் உடலை எவ்வாறு பேணி வந்தது என்னும் வினா, அச்சமுதாயத்தின் வைத்தியம், சமயம், வாணிகம், மணவுறவு ஆகிய அனைத்தையும் தொட்டுச் செல்வதாகும். எனினும் தமிழர் பண்பாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் அணிகலன்களுக்கும் ஆடைகளுக்கும் அளித்த கவனத்தை மேனி பேணலுக்கு அளித்தாரல்லர். இதற்குக் காரணம் வெளிப்படையானது. பொன்னும் கல்லும் எஞ்சி நிற்கின்றன. எண்ணெயும் அரப்பும் சாந்தும் குளித்த நீரோடு போய்விடுகின்றன. ஆகவே இத்துறையில் இலக்கியச் சான்றுகளையும் பிறநாட்டார் குறிப்புகளையும் வீட்டு வழக்குகளையும் ஒருசேர வைத்தே நாம் ஆராய வேண்டியுள்ளது.

மேனி பேணலின் பல கூறுகளுள் நிறம் பற்றிய கருத்து ஒன்றினையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. வெளிறிய மேனியே அழகியது என்னும் எண்ணம் இன்று தமிழர் வாழும் இடங்களில் எல்லாம் வேரூன்றியுள்ளது. பெண் பார்க்கும் வீட்டிலும், பிறந்த குழந்தையைக் காணவரும் உறவினர் வாயிலும் முதலில் எழுவது நிறம் பற்றிய பேச்சேயாகும். இம்மனப்பாங்கு தொன்றுதொட்டு வந்தது என்பார் ஒரு சாரார். முழுவதும் ஐரோப்பியர் ஆட்சியின் விளைவு என்பார் மற்றொரு சாரார். கிடைக்கும் சான்றுகளைக் காலமுறைப்படி நோக்குமிடத்து இவ்விரு கூற்றுகளும் முழுமையானவை அல்ல என்பது புலனாகும்.

மாமையும் பசலையும்

சங்கச் செய்யுள்களில் தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சிறப்புச் சொல் மாமை என்பதாகும். இச்சொல்லுக்குக் கருமை, அழகு என்னும் இரு பொருளும் வழங்குகின்றன. மா என்னும் அடி கருமையை உணர்த்துவது. முல்லைநிலத் தெய்வமாகத் தொல்காப்பியம் கூறும் மாயோன் பெயரிலும் அதனைக் காணலாம். உரையாசிரியர்கள் மாமையை மாந்தளிரின் நிறத்தோடு ஒப்பிட்டு விளக்குவர். நற்றிணையின் 6ஆம் செய்யுளில் பரணர், நீரில் வளர்ந்த ஆம்பலின் தண்டினை நார் உரித்தால் தோன்றும் நிறத்தினை இதற்கு உவமை ஆக்குகின்றார். மாந்தளிர் செம்மையும் கபிலமும் கலந்தது. உரித்த ஆம்பற்றண்டு மங்கிய மென்மை உடையது. எனவே மாமை என்பது ஒளியும் ஈரமும் மென்மையும் பொருந்திய கருஞ்செந் நிறம் எனக் கொள்ளுதல் பொருந்தும். அதன் சரியான சாயல் யாது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அது வெண்மை அன்று என்பதில் ஐயமில்லை.

இம்மாமைக்கு எதிரானது பசலை. தலைவன் பிரிந்தவிடத்துத் தலைவியின் மேனியில் படரும் வெளிறிய மஞ்சள் நிறமே அது. புலவர் அதனைப் பீர்க்கம்பூவோடும் பொன்னோடும் ஒப்பிடுவர். குறுந்தொகையின் 27ஆம் செய்யுளில் வெள்ளிவீதியார் பாடிய தலைவி, தன் மாமை தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு உணவாகின்றதே என வருந்துகின்றாள். அதே தொகையின் 399ஆம் செய்யுளில் பரணர் பசலையை ஊருண்கேணியின் பாசியோடு ஒப்பிடுகின்றார். தொட்டால் விலகுவதும் விட்டால் பரவுவதும் இரண்டுக்கும் பொது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலும் பசலை பாய்தல் ஒரு மெய்ப்பாடாக எண்ணப்படுகின்றது. திருக்குறளின் 119ஆம் அதிகாரம் முழுவதும் பசப்பினால் உற்ற துன்பத்தையே பேசுகின்றது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. மேனி வெளிறுதல் இச்செய்யுள்களில் அழகின் அழிவாகவும் நோயாகவுமே காட்டப்படுகின்றது. வெளிறிய தலைவி மீண்டும் கருமை கலந்த தன் இயல்பு நிறத்தை அடைதலே நலம் பெறுதலாகும். பிற்கால வைத்திய மரபிலும் உடல் வெளிறுதல் பாண்டு என்னும் நோயாகக் கொள்ளப்பட்டமை இக்கருத்தோடு இயைந்து நிற்கின்றது.

இதனால் சங்ககாலத்தார் கருமையை மட்டுமே போற்றினர் என்று கூறுதல் மிகையாகும். பொன்னை ஒத்த மேனியும் அச்செய்யுள்களில் பாராட்டப்படுகின்றது. பொன்துகள் போன்ற சுணங்கும் அழகென்றே கொள்ளப்பட்டது. பொன்னே ஓரிடத்து நலத்துக்கும் மற்றோரிடத்துப் பசலைக்கும் உவமையாகின்றது. எனவே அக்காலத்து அழகுக் கருத்து நிறங்களை ஏணிப்படிகள் போல மேல் கீழாக அடுக்கி வைத்ததன்று என்பதே நாம் துணியக்கூடியது. அன்பும் உடல்நலமும் உள்ளவிடத்து மேனி தன் இயல்பான நிறத்தில் விளங்கும். அவை நீங்கியவிடத்து அந்நிறம் கெடும் என்பதே அதன் அடிப்படை.

நீராட்டும் விரையும்

மேனி பேணலுக்குப் பயன்பட்ட பொருள்களை ஆராயும்போதும் இம்முடிவு வலுப்பெறுகின்றது. இதற்கு மிக விரிவான சான்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் உள்ளது. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி தன் கூந்தலை ஆட்டிய செய்தியை இளங்கோவடிகள் கூறுகின்றார். துவர் பத்தும் பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி என்பர். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன விரை ஐந்து. நீராடிய பின் கூந்தலை நறும்புகையில் உலர்த்திக் கத்தூரிக் குழம்பு ஊட்டுதலும், அடிகளுக்குச் செம்பஞ்சுக் குழம்பு தீட்டுதலும் அடுத்துக் கூறப்படுகின்றன.

இப்பட்டியலைப் பொருள் நோக்கில் ஆராய்வோம். துவர்ப்பொருள்கள் எண்ணெய்ப்பசையையும் அழுக்கையும் நீக்குவன. தோலை இறுகச் செய்வன. கடுக்காய், நெல்லி, தான்றி ஆகியவற்றின் துவர்ச்சத்து இரும்போடு சேர்ந்தால் கருநிறம் தரும். கூந்தலின் கருமையைக் காக்க இவை இன்றளவும் பயன்படுகின்றன. விரைப்பொருள்கள் நறுமணம் ஊட்டுவன. தூய்மை, குளிர்ச்சி, மணம், கூந்தலின் கருமை என்னும் நான்கே இவ்வொப்பனையின் நோக்கங்கள். மேனியின் நிறத்தை மாற்றும் நோக்கம் இதில் இடம்பெறவில்லை. தோளிலும் மார்பிலும் எழுதிய தொய்யிலும் மேனியின் மீது கோலம் இடுவதேயன்றி அதனை மறைப்பதன்று.

மாதவியின் அகிலும் துருக்கமும் செல்வர்க்கு உரியன. எனினும் அதே முறையின் எளிய வடிவம் ஈழத்து வீடுகளில் நெடுங்காலம் நிலவியது. சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தேய்த்து, சீயாக்காய், தேசிக்காய், வெந்தயம் முதலியன சேர்த்து அவித்த அரப்பினை வைத்து முழுகுதலும், குழந்தைகளுக்குப் பயற்றம்மா தேய்த்து வார்த்தலும் பலரும் அறிந்த வழக்கங்கள். திருமணத்துக்கும் பூப்பு நீராட்டுக்கும் முன்னர் பாலும் அறுகும் தலையில் வைக்கும் சடங்கும் இத்தொடர்ச்சியைச் சேர்ந்ததே. சூட்டைத் தணித்தல் என்னும் வைத்தியக் கருத்தே இவற்றின் அடியில் உள்ளது. அடுக்களைப் பொருள்களும் முழுக்குப் பொருள்களும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தமையின், மேனி பேணும் அறிவு வீட்டுப் பெண்களின் கையிலேயே இருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சிங்களப் பிரதேசத்திலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் அந்நாட்டுப் பெண்கள் தேங்காயெண்ணெய் பூசிக் கூந்தலைப் பேணிய செய்தியைக் குறிக்கின்றார்.

மார்க்கோ போலோ கூறுவன

இலக்கியம் காட்டுவது புலவரின் இலட்சியமே. மக்களின் வழக்கம் வேறாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் வினவுதல் கூடும். அதற்கு விடையாக அமைவது வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோவின் குறிப்பாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியர் ஆட்சி நிலவிய காலத்தில், மஅபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கும் இலங்கைக்கும் வந்த அவர், 1298இல் செனோவா நகரத்துச் சிறையில் இருந்தபோது தம் பயணச் செய்திகளைச் சொல்லி எழுதுவித்தார்.

அந்நாட்டு மக்கள் ஆணும் பெண்ணும் நாள்தோறும் இருமுறை உடல் முழுவதும் நீராடுவர் என்றும், நீராடாதவரை இழிவாக எண்ணுவர் என்றும் அவர் கூறுகின்றார். நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது அவர் கூறும் மற்றொரு செய்தி. மிகக் கரிய நிறமுடையவரே அங்கு மிகுதியாக மதிக்கப்பட்டனர். பிறந்த குழந்தைகளுக்கு வாரந்தோறும் நல்லெண்ணெய் தேய்ப்பர். அதனால் அவர்கள் இன்னும் கறுப்பாவர். அம்மக்கள் தம் தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுவர் என்பன அவர் கூற்றுகள்.

இக்குறிப்பை அவ்வாறே ஏற்றுக்கொள்ளல் ஆகாது. வாரந்தோறும் எண்ணெய் தேய்த்தல் நாம் மேலே கண்ட முழுக்கு வழக்கமேயாகும். அதன் நோக்கம் குளிர்ச்சியும் உடல்நலமும் ஆகும். எண்ணெய் பூசி வெயிலில் நின்ற குழந்தைகளைக் கண்ட அயலவர், கறுப்பாக்குதலே அதன் நோக்கம் எனக் கருதியிருத்தல் கூடும். மேலும், தம் நாட்டுக்கு நேர்மாறான நாடு ஒன்றைக் காட்டும் ஆவல் பயணிகளிடம் இயல்பாக உள்ளது. ஆயினும் கருமைக்கு மதிப்பு இருந்தது என்னும் அவர் கூற்றை முற்றாகத் தள்ளிவிட இயலாது. திருமாலின் திருமேனி கரியதென்று போற்றிய ஆழ்வார் மரபு அப்பொழுது தமிழகத்தில் வேரூன்றியிருந்தது. கருங்கல்லால் ஆன மூலவர்க்கு எண்ணெய்க்காப்புச் சாத்தும் வழக்கமும் இங்கு கருதத்தக்கது. எண்ணெய் பூசிப் பளபளக்கும் கருந்திருமேனியைத் தொழுத கண்களுக்கு எண்ணெய் பூசிய கருங்குழந்தை அழகற்றதாகத் தோன்றியிராது. எண்ணெய் பூசுதலைக் காப்பு என்று நம் முன்னோர் வழங்கியதும் பொருள் பொதிந்ததே.

பொன்னிறத்தின் ஏற்றம்

இவ்வளவும் கூறியதனால், ஐரோப்பியர் வருமுன் நிறவேற்றுமை இந்நாடுகளில் இருந்ததேயில்லை என்று முடிவு செய்தல் தவறாகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிகிரியா ஓவியங்களில் பொன்னிற மகளிரும் கருநிற மகளிரும் இணைந்து காணப்படுகின்றனர். கருநிற மகளிர் தட்டு ஏந்தி நிற்பதால் அவர்களைத் தோழியர் அல்லது பணிப்பெண்கள் எனக் கொள்வோர் பலர். பேராசிரியர் செனரத் பரணவிதான பொன்னிறத்தாரை மின்னலின் உருவகமாகவும் கருநிறத்தாரை முகிலின் உருவகமாகவும் விளக்கினார். எவ்விளக்கத்தை ஏற்பினும் இருநிறத்தாரும் ஒரே கவனத்தோடும் அழகோடும் தீட்டப்பட்டுள்ளனர் என்பது கண்கூடு.

புராணங்களிலும் இவ்விருநிலை உண்டு. கரியவள் எனச் சிவன் எள்ளியதால் உமை தவம் செய்து கருமையை நீக்கிக் கௌரி ஆயினாள் என்னும் கதை மச்ச புராணம் முதலிய வடமொழிப் புராணங்களில் உள்ளது. அதே வேளையில் நீலியாகவும் சியாமளையாகவும் மரகத மேனியளாகவும் அவளைத் தமிழர் தொடர்ந்து வழிபட்டு வந்தனர். பழமொழிகளும் இருபக்கம் பேசுகின்றன. கறுப்பே அழகு என்று ஒரு பழமொழி கூற, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மற்றொன்று கூறுகின்றது. பின்னது தாயன்பைப் பேசுவதேயாயினும், கருமை பொன்னுக்குத் தாழ்ந்தது என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கின்றது.

சாதியமைப்பின் பங்கினையும் மறத்தல் ஆகாது. வெயிலில் உழைப்போர் கறுத்தலும் நிழலில் இருப்போர் கறுக்காதிருத்தலும் இயற்கை. உழைப்பை இழிவாக நோக்கிய சமுதாயத்தில் உழைப்பின் அடையாளமும் இழிவுக்கு உட்பட்டது. யாழ்ப்பாணத்தில் மேனி பேணும் உரிமையே எல்லார்க்கும் ஒப்ப வாய்க்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குச் சலவையும் முடிதிருத்தமும் மறுக்கப்பட்டமை இருபதாம் நூற்றாண்டிலும் நிகழ்ந்த உண்மை. ஆகவே பழமை முழுவதையும் பொற்காலம் எனப் போற்ற வரலாறு இடந்தராது. ஆயினும் இக்காலம் வரை உயர்வாக எண்ணப்பட்டது பொன்னிறமேயன்றி வெண்ணிறம் அன்று என்பதையும், நிறத்தை மாற்றித் தருவதாகக் கூறி விற்கும் வாணிகம் தோன்றியிருக்கவில்லை என்பதையும் நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

சவர்க்காரமும் வெண்களிம்பும்

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவர் ஆட்சியிலும் ஆள்வோரின் நிறம் வெண்மையாக இருந்தது. பதவி, கல்வி, செல்வம் ஆகிய அனைத்தும் அந்நிறத்தோடு சேர்த்தே நோக்கப்பட்டன. முன்னரே ஓரளவு நிலவிய நிறவேற்றுமைக்கு இவ்வாறு அரசியல் வலிமை வாய்த்தது. அதற்கு வாணிக வலிமையைத் தந்தது 19ஆம் நூற்றாண்டின் சவர்க்காரக் கைத்தொழிலாகும்.

சவர்க்காரம் என்னும் சொல் உவர்ப்பையும் காரத்தையும் உணர்த்துவது. உவர்மண்ணால் ஆடை வெளுத்த பழைய தொழிலோடு அது பொருந்தி நிற்கின்றது. ஆனால் கப்பலில் வந்திறங்கிய புதிய சவர்க்காரக் கட்டி தன்னோடு ஒரு கருத்தையும் கொணர்ந்தது. 1880களில் பெயர்ஸ் சவர்க்காரத்துக்காக இங்கிலாந்தில் வெளிவந்த விளம்பரம் ஒன்று, கறுப்பினக் குழந்தை ஒன்று அச்சவர்க்காரத்தால் குளித்தவுடன் கழுத்துக்குக் கீழ் வெண்ணிறமாவதாகக் காட்டியது. கருமை அழுக்கு, வெண்மை தூய்மை என்னும் சமன்பாட்டை இதனினும் வெளிப்படையாகக் கூறவியலாது. தூய்மையை நாள்தோறும் இருமுறை நீராட்டில் கண்ட மக்களுக்கு, தூய்மை ஒரு நிறம் என்று கற்பிக்கப்பட்டது.

1919இல் பம்பாயில் பட்டன்வாலா என்பவர் அப்கான் ஸ்னோ என்னும் முகக்களிம்பை வெளியிட்டார். வெண்பனியைக் குறிக்கும் ஸ்னோ என்னும் சொல்லே முகக்களிம்புக்குப் பொதுப்பெயராகித் தமிழ் வீடுகளிலும் வழங்கியது. இதற்கு மாறாக, 1916இல் மைசூர் அரசின் முயற்சியால் தொடங்கிய மைசூர் சந்தனச் சவர்க்காரம் பழைய சந்தன மணத்தைப் புதிய வடிவில் தர முயன்றது. இலங்கையில் 1938இல் லீவர் பிறதர்ஸ் நிறுவனம் நிறுவப்பெற்ற பின்னர், சவர்க்காரம் உள்நாட்டிலேயே பெருமளவில் உற்பத்தியாகும் நிலை ஏற்பட்டது. மலிவும் எளிமையும் உடைய சவர்க்காரத்தால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நோய்த்தடுப்பில் அதன் பங்கு பெரிது. கட்டியோடு கூடவந்த கருத்தே ஆராய்ச்சிக்குரியது.

அக்கருத்தின் முழு வளர்ச்சியை 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் வெளியிட்ட பெயார் அன்ட் லவ்லி என்னும் களிம்பிற் காண்கின்றோம். வெளிறிய நிறத்தைப் பெயரிலேயே கொண்ட அக்களிம்பு, இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக விற்பனையாயிற்று. கறுத்த பெண் வேலையும் மணமகனும் பெறாது வருந்துவதும், களிம்பு பூசி வெளுத்தபின் இரண்டும் பெறுவதும் அதன் விளம்பரங்களின் வழக்கமான கதை. சங்கச் செய்யுளின் தலைவி, தலைவன் இல்லாமையால் வெளிறினாள். விளம்பரத் தலைவியோ தலைவனைப் பெறுவதற்காக வெளிறுகின்றாள். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் கருத்து தலைகீழாகியமையை இவ்வொப்பீடு தெளிவாகக் காட்டுகின்றது.

2009இல் சென்னையில் கருமையும் அழகே என்னும் கருத்தை முன்வைத்து இயக்கம் ஒன்று எழுந்தது. கருநிறத்தாரைத் தாழ்ந்தவராகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என 2014இல் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் நெறி வகுத்தது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து பெயார் என்னும் சொல் நீக்கப்பட்டு, குளோ அன்ட் லவ்லி எனப் பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறினும் பொளிவு, பிரகாசம் என்னும் சொற்களுக்குள் பழைய ஆசை குடியிருக்கக்கூடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மேனிக்கு நேரும் கேடு

இது கருத்துலக வாதம் மாத்திரம் அன்று. தோலின் கருமைக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. கடும் வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் இயற்கைக் கவசம் அது. வெயில் மிகுந்த நாடுகளில் கருநிறம் நிலைபெற்றமைக்கு இதுவே காரணம் என அறிவியலார் விளக்குவர்.

சந்தையில் மறைவாகவும் வெளிப்படையாகவும் விற்கப்படும் வெளிறூட்டும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. மெலனின் உருவாக உதவும் நொதியைத் தடுத்தே பாதரசம் தோலை வெளிறச் செய்கின்றது. அது தோல்வழி உடலுட் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவரோடு நில்லாது வீட்டிலுள்ள குழந்தைகளையும் தாக்கவல்லது. 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட ஒப்பனைப் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2023இல் அவ்வெல்லையும் நீக்கப்பட்டு, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. வைத்தியர் ஆலோசனையின்றிப் பூசப்படும் ஸ்டெரொயிட் கலந்த களிம்புகளும் தோலை மெலியச் செய்து பெருந்தீங்கு விளைப்பன. மேனியைப் பேணுதல் என்னும் பெயராலேயே மேனி அழிக்கப்படுகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று நிலைகள் புலப்படும். முதல் நிலையில் மாமை அழகாகவும் வெளிறல் நோயாகவும் கொள்ளப்பட்டன. மேனி பேணல் தூய்மை, குளிர்ச்சி, மணம் என்பவற்றை நாடியது. இரண்டாம் நிலையில், கருமையைப் போற்றும் வழக்கு நிலவிய அதே சமுதாயத்தில் பொன்னிறத்தை உயர்த்தும் வழக்கும் சாதி, உழைப்பு பற்றிய எண்ணங்களோடு சேர்ந்து வளர்ந்தது. மூன்றாம் நிலையில் அந்நியர் ஆட்சியும் விளம்பர வாணிகமும் அவ்வேற்றுமையைப் பற்றிக்கொண்டு, வெண்மையை விலைக்கு வாங்கத்தக்க பொருளாக ஆக்கின. விதை நம்மிடமும் இருந்தது. அதனை மரமாக்கியவர் பிறர். அதன் கனியை இன்று உண்பவர் நாம்.

சொற்களின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது. மாமையின் உறவுச் சொல்லாகிய மாநிறம் தமிழகத்தில் இன்றும் வழங்குகின்றது. ஆயின் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட சமாதான நிறம் என்பதே இன்று அதன் பொருள். அதே நிறத்தை யாழ்ப்பாணத்தார் பொது நிறம் என்பர். ஒருகாலத்தில் அழகின் பெயராக இருந்தது, மணப்பேச்சில் குறையை மூடும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. மாமைக்கு அழகு என்று மாத்திரம் உரை கூறிக் கருமைப் பொருளை விட்டு நகரும் பாடக்குறிப்புகளும் இச்சுருக்கத்துக்குத் துணைபோகின்றன. பல்கலைக்கழகத்திலும் பாடசாலையிலும் சங்க இலக்கியம் கற்பிப்போர் இச்சொல்லின் முழுப்பொருளையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். தன் நிறத்தைக் குறையென எண்ணி வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவிக்கு, அந்நிறத்துக்கே அழகு என்று பெயரிட்ட மொழி தன் மொழி என்பதை அறியும் உரிமை உண்டு.